கேட்டால் சொல்லிவிடுவார்

அந்த அக்காவிடம் எதையாவது கேட்பதற்கு முன்னால் இரண்டு தடவை யோசிக்க வேண்டும். கேட்டால் சொல்லிவிடுவார்.

ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில் எங்கள் வீட்டு வரிசையில் இரண்டு வீடு தள்ளி வாடகைக்கு இருந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது. குள்ளமான உருவம், கைலி, தொளதொளவென்று ஒரு டீ-சட்டை, எப்போதும் கொஞ்சம் ஈரமாகவே இருக்கும் கைகள். கணவர் காலமாகிப் பல வருடம் ஆகியிருந்தது. ஒரே மகளை ஜொகூரில் கட்டிக் கொடுத்திருந்தார். என்னையும் என் மனைவி சுமதியையும் போலக் காலையில் வேலைக்கு ஓடுகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதுதான் அவருக்குத் தொழில். எங்கள் யாழினியும் கவினும் அவரைப் 'பெரிம்மா' என்றுதான் கூப்பிடுவார்கள்.

கேள்வி கேட்டால் உடனே பதில் வராது. தெருக்கோடியில் தெரிகிற சுண்ணாம்புக் குன்றை ஒரு நொடி நிமிர்ந்து பார்ப்பார். பதிலை யாரோ அங்கே எழுதி ஒட்டியிருப்பது போல. பிறகு சொல்வார். சொன்னதை எவராலும் மாற்ற முடியாது.

நாங்கள் அந்த வீட்டுக்குக் குடிவந்த புதிதில், ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிய சுமதி புதுச் சுடிதாரைப் போட்டுக்கொண்டு வேலியோரம் போய் நின்று, "எப்படி இருக்குக்கா?" என்று கேட்டுவிட்டாள்.

அக்கா குன்றைப் பார்த்தார். "கலரு நல்லாருக்கு. இடுப்புல பிடிக்குது. உக்காந்தா கிழிஞ்சிரும்."

சுமதிக்கு முகம் சிவந்துவிட்டது. காடியில் போகும் வழியெல்லாம் அக்காவைத் திட்டினாள். ஆனால் மண்டபத்தில் கடைசிவரை அவள் உட்காரவில்லை. சாப்பாட்டையும் நின்றுகொண்டே சாப்பிட்டாள். கேட்டவர்களிடம் முதுகு வலி என்றாள்.

கேட்காமல் அவராக எதுவும் சொல்லமாட்டார். அதையும் சொல்லியாக வேண்டும். என் தலையில் முடி கொட்டிக்கொண்டிருந்ததை மூன்று வருடம் தினமும் பார்த்தார், ஒரு வார்த்தை பேசியதில்லை. "கேக்காம போய்ச் சொன்னா அது வாய்க்கொழுப்பு தம்பி. கேட்டதுக்கு மாத்திச் சொன்னா..." என்று ஒருமுறை ஆரம்பித்து, அதற்குச் சொல் கிடைக்காமல் நிறுத்திக்கொண்டார்.

அந்தச் சொல் எனக்குத் தெரியும். என் தொழிலே அதுதான். ஈப்போ டவுனில் ஒரு நாற்காலி மேசைக் கடையில் விற்பனையாளனாக இருக்கிறேன். "பத்து வருஷத்துக்கு ஒண்ணும் ஆவாது மேடம்", "இது கடைசிப் பீஸ் பாஸ்", "நம்ம வீட்லயும் இதேதான் போட்ருக்கேன்." இந்த மூன்று வரிகளால்தான் எங்கள் வீட்டு உலை கொதிக்கிறது. ஒருநாள் அக்கா மகள் வந்தால் படுக்க ஒரு மெத்தை வாங்க எங்கள் கடைக்கே வந்தார். பக்கத்தில் ஒரு சீனத் தம்பதி அதே மெத்தையை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாள் அக்காவைப் பார்த்து மலாய் மொழியில், "நல்லாருக்கா?" என்று பேச்சுக்குக் கேட்டாள். எங்கள் கடைக்குள்ளிருந்து குன்று தெரியாது. அக்கா மேலே சுழன்ற காற்றாடியைப் பார்த்தார். "நடுவுல பள்ளம் விழும்போல இருக்கு," என்றார். தம்பதி போய்விட்டார்கள். அக்காவும் வாங்கவில்லை. முதலாளி என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

இத்தனைக்கும் பிள்ளைகள் அவர்மேல் உயிரையே வைத்திருந்தார்கள். எனக்கு அது கொஞ்சநாள் புரியவில்லை. மிட்டாய் கொடுக்கமாட்டார், கொஞ்சமாட்டார், கதைகூடச் சொல்லத் தெரியாது. யாழினிக்கு ஐந்து வயதில் காய்ச்சல் ஊசி போட அக்காவும் நானுமாகக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனபோதுதான் விஷயம் விளங்கியது. நான் வழக்கம்போல, "வலிக்கவே வலிக்காதுடா, எறும்பு கடிக்கிற மாதிரிதான்," என்றேன். யாழினி என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் விற்ற சோபாவில் உட்கார்ந்து பார்த்தவர்கள் பார்க்கிற பார்வை. பிறகு அக்கா பக்கம் திரும்பினாள்.

"பெரிம்மா, வலிக்குமா?"

"வலிக்கும். பத்து எண்ணு. அதுக்குள்ள முடிஞ்சிரும். அப்பறம் சாயந்தரம் வரைக்கும் கை கனக்கும்."

யாழினி சட்டைக் கையைத் தானே சுருட்டிவிட்டுக்கொண்டு நீட்டினாள். உதட்டைக் கடித்துக்கொண்டு எண்ணினாள். ஏழிலேயே முடிந்துவிட்டது. நான் அங்கே சும்மா நின்றேன், பில் கட்ட வந்த ஆள் மாதிரி.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வந்தது. நான் எதைச் சொன்னாலும் யாழினி வேலியோரம் போய் ஒருமுறை சரிபார்த்துக்கொண்டு வருவாள்.

இந்த நிலைமையில்தான் நான் தீம் பார்க் திட்டம் போட்டேன்.

திட்டம் என்றால் சாதாரணத் திட்டம் இல்லை. அந்தப் பார்க் தெற்கே, சிலிம் ரிவர் ஊரையும் தாண்டி, எங்கள் வீட்டிலிருந்து இரண்டு மணி நேர ஓட்டம். ஒருநாள் பயணம். அதற்கு நான் ஆறு மாதம் உழைத்தேன். சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பார்க் போகிற பெற்றோர்களின் குழுக்கள் மூன்றில் கைப்பேசி வழியாகச் சேர்ந்தேன். எந்த விளையாட்டுக்கு எந்த நேரத்தில் வரிசை குறைவு, எந்தக் கழிப்பறையில் பிள்ளையைப் படுக்க வைத்து டயப்பர் மாற்றப் பலகை இருக்கிறது, எங்கே நிழல் என்றெல்லாம் குறிப்பெடுத்தேன். கடைக் கணினியில் அட்டவணை போட்டேன். '10.10 கவின் சிறுநீர்' என்றுகூட அதில் ஒரு வரி இருந்தது. பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டிக் கொண்டுவந்து ஐஸ்பெட்டிக் கதவில் மாட்டினேன். கவின் அதன் மேல் மார்க்கர் பேனாவால் ஒரு யானை வரைந்தான். அவனுக்கு அப்போது மூன்று வயது.

யாழினிக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அங்கே பச்சைப் பாம்பு வடிவத்தில் ஒரு ரோலர் கோஸ்டர் உண்டு. அதில் ஏற வேண்டும். நூற்றுப் பத்து சென்டிமீட்டர் உயரம் இருந்தால்தான் விடுவார்கள். கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டு வாராவாரம் அளந்தோம். நூற்றாறு, நூற்றாறரை, நூற்றேழு. "அதுக்குள்ள வளந்துருவடா, கண்டிப்பா ஏறுற. அப்பா சொல்றேன்ல," என்றேன். அவள் அக்காவிடம் கேட்டாள். "வளந்தா ஏறலாம். வளரலன்னா ஏற முடியாது," என்று பதில் வந்தது.

மூன்று தடவை தேதி குறித்து மூன்று தடவையும் தள்ளிப் போனது. முதல்முறை எனக்கு லீவு கிடைக்கவில்லை. பிள்ளைகளிடம் அதைச் சொல்லப் பயந்துகொண்டு, "பார்க்கை மூடிட்டாங்கடா, ரிப்பேர் பண்றாங்க," என்றேன். யாழினி விடுவிடுவென்று வேலிக்குப் போனாள்.

"பெரிம்மா, பார்க் மூடியிருக்கா?"

"அது எனக்குத் தெரியாதும்மா. ஒங்கப்பாவுக்கு லீவு கெடைக்கலன்னு ஒங்கம்மா சொன்னாங்க. அது தெரியும்."

திரும்பி வந்து என் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றாள். ஆறு வயது. என் மாமியார் எனக்கு முன்னால் நிற்பது போலவே இருந்தது.

நான்காவது தடவை எதையும் விதியிடம் விடக்கூடாது என்று முடிவு செய்தேன். முதலாளியிடம், பாரிட் புந்தாரில் இருக்கும் மாமியாருக்கு உடம்பு சரியில்லை, போய்ப் பார்க்க வேண்டும் என்று லீவு வாங்கினேன். மாமியாரிடம், முதலாளி லீவே தரமாட்டேன் என்கிறார், அதனால் இந்தப் பள்ளி விடுமுறைக்கு எங்கும் போகவில்லை என்று சொன்னேன். சொல்லாவிட்டால் அவரும் வருவேன் என்பார், காடியில் இடம் இல்லை என்பது என் கணக்கு. ஒரு பொய்யை இன்னொரு பொய் தாங்கிப் பிடிக்க, நடுவில் நான் மிகவும் கெட்டிக்காரத்தனமாக உட்கார்ந்திருந்தேன். முதலாளி மட்டும் நல்ல மனிதர். மாமியாருக்குக் கொடுக்கச் சொல்லிக் கோழிச் சாறு ஆறு போத்தல் வாங்கித் தந்தார். அதை நாங்கள்தான் குடித்தோம்.

ஒன்றைத்தான் கவனிக்கவில்லை. கவினைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். நானும் சுமதியும் யாழினியோடு வரிசையில் நிற்கும்போது அவனை யார் வைத்திருப்பது? அக்காவைக் கூட்டிப் போகலாம் என்று அட்டவணையிலேயே எழுதியிருந்தேன். பொய்களின் மேல் கட்டிய ஒரு பயணத்துக்குப் பொய் சொல்லத் தெரியாத ஒரே ஆளை நானே அழைத்துப் போகிறேன் என்பது முந்தைய நாள்தான் உறைத்தது.

"அக்கா, நாளைக்கு யாரு என்ன கேட்டாலும் நீங்க ஒண்ணும் பேசிக்காதீங்க. நான் பாத்துக்கிறேன்," என்றேன்.

"கேக்கலன்னா நான் ஏன் தம்பி பேசப்போறேன்?"

"கேட்டா?"

அவர் குன்றைப் பார்த்தார். நான் பதிலுக்கு நிற்காமல் வந்துவிட்டேன்.

காலையில் கிளம்பி கோப்பேங் தாண்டுவதற்குள் சுமதியின் கைப்பேசி அடித்தது. மாமியார். காடி ஒலிபெருக்கியில் குரல் நிறைந்தது.

"எங்கம்மா இருக்கீங்க?"

"வீட்லதாம்மா," என்றாள் சுமதி. பக்கத்தில் ஒரு லோரி ஹார்ன் அடித்துக்கொண்டு போனது.

"பிள்ளைங்க எங்க? அந்த அக்கா இருக்காங்களா? ஒருவாட்டி குடு, கவினு சாப்டானான்னு கேக்கணும்."

கண்ணாடியில் அக்காவைப் பார்த்தேன். கண்ணாலேயே கெஞ்சினேன். அவரும் என்னைப் பார்த்தார். நிஜமாகவே அவருக்குச் சங்கடமாக இருந்தது, முகம் வெளிறிவிட்டது.

"கவினு ரொட்டி சாப்ட்டான்மா," என்றார். அதோடு நின்றிருந்தால் தப்பித்திருப்போம்.

"என்ன சத்தம் அது, ரோட்ல இருக்கீங்களா?"

"ஆமாம்மா. தீம் பார்க்குக்குப் போய்க்கிட்டு இருக்கோம்."

கவின் "பாம்பு! பாம்பு!" என்று கத்தினான். பிறகு மாமியாரின் குரல் வந்தது, முன்பைவிட மெதுவாக.

"சொல்லிட்டுப் போறதுக்கு என்னாம்மா? இந்த முட்டிய வச்சிக்கிட்டு என்னால அங்கல்லாம் நடக்க முடியுமா? கேட்ருந்தா நானே வரலன்னு சொல்லிருப்பேன்ல. சரி சரி, பிள்ளைங்களுக்குத் தொப்பி போட்டுவிடு."

அவர் வைத்துவிட்டார். சுமதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள். நான் அக்கா மேல் கோபப்பட முயன்றேன். கோபம் சரியாகப் பிடிகொடுக்கவில்லை.

"அக்கா, ஒங்க வாழ்க்கையில ஒரு பொய்யாவது சொல்லிருக்கீங்களா இல்லையா?" என்று கேட்டேன்.

"சொல்லிருக்கேனே. ஒண்ணு."

சிலிம் ரிவர் அருகில் வந்துகொண்டிருந்தோம். அவர் பிறந்து வளர்ந்த ரப்பர்த் தோட்டம் அந்தப் பக்கம்தான் எங்கோ இருந்தது. பால்மரங்கள் போய் எண்ணெய்ச் செம்பனை வந்து, இப்போது பாதியில் வீடுகளும் வந்துவிட்டன. அவர் அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. கவினின் வாயைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"எனக்குப் பன்னெண்டு வயசிருக்கும். எந்தங்கச்சி வேலைக்கு வர மாட்டேன்னு அழுதா. அவளுக்குக் காய்ச்சல்னு வேலை வாங்குற மண்டோர்கிட்ட போய்ச் சொல்லிட்டேன். அந்த மனுசன் நல்லவரு. மத்தியானம் மருந்து வாங்கிட்டு வீட்டுக்கே வந்துட்டாரு. தங்கச்சிய ரெண்டு கம்பளியப் போத்திப் படுக்க வச்சேன். வெயிலு. தகரக் கூரை. அவரு உக்காந்துட்டாரு, போவவே இல்ல, எங்கப்பாவுக்குத் தெரிஞ்சவரு, பேசிக்கிட்டே இருக்காரு. சாயந்தரம் கம்பளிய எடுத்தா அவளுக்கு நெசமாவே காய்ச்சலு. ஒரு வாரம் கெடந்தா." கொஞ்சம் நிறுத்தி, "எனக்கு அது ஒத்து வரல தம்பி," என்றார். சர்க்கரை ஒத்துவரவில்லை என்பது போல.

எல்லாரும் சிரித்தோம், அவரைத் தவிர.

பார்க் வாசலில் பையைச் சோதித்தார்கள். வெளிச் சாப்பாடு கூடாது என்று பெரிதாக எழுதியிருந்தது. நான் புளிச்சோற்றையும் அவித்த முட்டையையும் கவினின் டயப்பர்களுக்கு அடியில் புதைத்து வைத்திருந்தேன். என் திட்டத்தில் இது நான்காம் பக்கம். ஆனால் பை இருந்தது அக்காவின் தோளில். காவலர் மலாயில், "சாப்பாடு ஏதாச்சும் இருக்கா மக்சிக்?" என்று அத்தை முறை சொல்லிக் கேட்டார். அக்கா, "இருக்கு. புளிச்சோறு, ஆறு முட்டை," என்றார். காவலர் சிரித்துவிட்டார். சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், பரவாயில்லை, மேசையில் வைத்துச் சாப்பிட்டால் போதும் என்று உள்ளே விட்டுவிட்டார். அரைமணி நேரம் செலவழித்து டயப்பர் அடுக்கியவன் நான்.

இதுவரைக்கும் எல்லாம் சிரிப்பாகத்தான் போனது. இதற்கு மேல் நான் செய்ததைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

யாழினி நூற்றெட்டு சென்டிமீட்டர்தான் வளர்ந்திருந்தாள். முதல்நாள் மாலை, கோழிச் சாறு வந்த அட்டைப்பெட்டியை அவள் பாத அளவுக்கு வெட்டி, இரண்டு கால் சப்பாத்துக்குள்ளும் மூன்று மூன்று அட்டைகள் வைத்தேன். தலைமுடியை உச்சியில் கொண்டை போடச் சொன்னேன். சுமதிக்கு அதில் விருப்பமில்லை. "ரெண்டு சென்டிதான, ஒண்ணும் ஆவாது," என்றேன். பத்து வருடத்துக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்கிற அதே குரலில். காலையில் சப்பாத்து மாட்டிவிட்டபோது அக்கா அட்டையைத் தொட்டுப் பார்த்ததை நான் கண்டுகொள்ளவில்லை.

பச்சைப் பாம்பின் வரிசையில் வெயிலில் முக்கால் மணி நேரம் நின்றோம். கவினை இடுப்பில் வைத்துக்கொண்டு அக்கா கயிற்றுக்கு வெளியே நின்றார். அளவுக் கம்பத்தடியில் இருந்த மலாய் இளைஞன் யாழினியை நிறுத்தினான். கொண்டையை விரலால் அழுத்தினான். கோடு சரியாக இருந்தது. சிரித்துக்கொண்டே, போ என்று கை காட்டினான். யாழினியின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். ஆறு மாதமாக நான் காத்திருந்தது அந்த முகத்துக்குத்தான்.

"தம்பி," என்றார் அக்கா அந்த இளைஞனிடம், மலாயில், சத்தமாக. "பிள்ளை சப்பாத்துக்குள்ள அட்டை இருக்கு. கழட்டிட்டு அளந்து பாரு."

யாருமே அவரிடம் எதுவும் கேட்கவில்லை.

அவன் சப்பாத்தைக் கழற்றச் சொன்னான். ஆறு அட்டைகளும் சிமெண்டுத் தரையில் விழுந்தன. ஒன்றில் கோழிப் படம் இருந்தது. பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். யாழினி வெறுங்காலுடன் கம்பத்தில் சாய்ந்து நின்றாள், கோடு அவள் தலைக்கு மேலே இருந்தது. அவள் குரலெடுத்து அழ ஆரம்பித்தாள். எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

"ஒங்கள யாருக்கா கேட்டா?" என்று கத்தினேன். "பிள்ளை பாக்கத்தான ஒங்களுக்குச் சம்பளம் குடுக்கிறேன்? வேலைக்கு வந்த ஆளு ஆளு மாதிரி இருங்க. எங்க வீட்டு விசயத்துல ஒங்களுக்கு என்னா?"

வரிசையில் தமிழர்களும் இருந்தார்கள். எல்லோருக்கும் புரிந்தது. சுமதி, "போதும் நிறுத்துங்க," என்று என் கையைப் பிடித்தாள். அக்கா கவினை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். குனிந்து, தரையில் கிடந்த யாழினியின் சப்பாத்துகளை எடுத்து, கையால் உள்ளே துடைத்து, அவள் காலில் போட்டுவிட்டார்.

நான் அப்போதாவது வெளியே வந்திருக்கலாம். வீம்பு. முக்கால் மணி நேரம் நின்றாயிற்று என்று நான் மட்டும் தனியாகப் போய் ஏறினேன். முப்பத்தேழு வயதில், பச்சைப் பாம்பின் மூன்றாவது பெட்டியில், என் தொடைப் பருமனே உள்ள பிள்ளைகளுக்கு நடுவில். ஒரு கம்பி வந்து வயிற்றின் மேல் இறங்கியது. மேலே போகும்வரை ஒன்றுமில்லை. முதல் வளைவில் என் உடம்பு இருக்கையை விட்டு எழுந்துவிட்டது. கம்பி என் தொப்பையில் அழுந்தித்தான் என்னை நிறுத்தியது. என் பக்கத்தில் கம்பிக்கும் காலி இருக்கைக்கும் நடுவே இருந்த இடத்தைப் பார்த்தேன். அங்கே யாழினி உட்கார்ந்திருந்தால் அவளை எது நிறுத்தியிருக்கும் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு நான் கத்தியது பாம்புக்காக இல்லை. ஆனால் கத்தல் கத்தல்தான். அந்த வளைவில் ஒரு கேமரா இருக்கிறது. வாய் பிளந்த என் படத்தை வாசலில் பெரிதாகப் போட்டிருந்தார்கள்.

கைப்பிடிக் கம்பியை விடாமல் இறங்கி வந்தேன். யாழினி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "எப்படிப்பா இருந்துச்சு?"

"ஒண்ணுமே இல்லடா. சும்மா, சின்னப் பிள்ளை விளையாட்டு," என்றேன்.

அவள் அக்காவைப் பார்த்தாள். "அப்பா கத்துனது இங்க வரைக்கும் கேட்டுச்சும்மா," என்றார் அக்கா. குரலில் கேலி இல்லை. கேட்டுச்சு, அவ்வளவுதான்.

அன்று முழுக்க அவர் தன் வேலையைச் செய்தார். பிள்ளைகளுக்குப் புளிச்சோறு ஊட்டினார், கவினை என் அட்டவணைப்படியே கழிப்பறைக்குக் கூட்டிப் போனார். தான் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. "பசிக்கலியாக்கா?" என்று சுமதி கேட்டதற்கு, "பசிக்குது. எறங்க மாட்டேங்குது," என்றார். நான் தண்ணீர் போத்தலின் மூடியைத் திறந்து மூடித் திறந்துகொண்டிருந்தேன்.

அதன் பிறகும் அவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். நேரத்துக்கு வந்தார், நேரத்துக்குப் போனார். என்னிடம் கேட்டதற்குப் பதில் சொன்னார். நான்தான் எதுவும் கேட்பதில்லை. சுமதி எத்தனையோ தடவை சொன்னாள், போய் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேளுங்கள் என்று. கேட்கலாம், ஆனால் அவர் பதில் சொல்வாரே என்ற பயம்.

எட்டு மாதம் கழித்து, ஜொகூரில் அவர் மகளுக்குக் குழந்தை பிறந்தது. அங்கேயே வந்துவிடு என்று மகள் கூப்பிட்டாள். வீட்டைக் காலி செய்வதற்கு முந்தைய மாலை அவருக்குப் பெட்டி கட்ட உதவப் போனேன். கடையிலிருந்து நல்ல அட்டைப்பெட்டிகளாகப் பார்த்துக் கொண்டுபோயிருந்தேன். கடைசிப் பெட்டிக்கு நாடா ஒட்டிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

"அக்கா, அன்னைக்குப் பார்க்குல நான் பேசுனது தப்புக்கா. அத மனசுல வச்சிக்காதீங்க."

வேறு யாராக இருந்தாலும், அதையெல்லாம் அப்பவே மறந்துட்டேன் தம்பி என்றிருப்பார்கள். நானே மற்றவர்களிடம் நூறு தடவை அப்படிச் சொல்லியிருக்கிறேன். அக்கா வாசலுக்கு வெளியே நிமிர்ந்து பார்த்தார். எனக்கு நாடா கையில் ஒட்டிக்கொண்டது.

"வச்சிருந்தேன் தம்பி," என்றார். "ஒங்க வீட்டுக் கேட்டத் தொறக்கும்போதெல்லாம் அது காதுல கேக்கும். நிறுத்திக்கலாமான்னு ரெண்டு மூணு தடவ நெனச்சேன். கவினு ஒண்ணுக்கு வருதுன்னு சிலுவாரைப் புடிச்சிக்கிட்டு நின்னுச்சு, அதான் வந்தேன்."

"இப்ப?"

"இப்பக் கொறஞ்சிருக்கு. முழுசாப் போவல."

நான் தலையை ஆட்டினேன். அப்படி ஒரு பதிலுக்கு என் தொழிலில் வரி கிடையாது. அவரே, "நீ கேட்டது நல்லதாப் போச்சு. கேக்காமலே விட்ருவியோன்னு இருந்தேன்," என்றார். அதுவும் உண்மையாகத்தான் இருக்க வேண்டும். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு நான் ஓரளவு நிம்மதியாக இருக்கிறேன். தீபாவளிக்குத் தீபாவளி போன் செய்கிறேன். பேரனைப் பற்றிப் பேசுகிறோம், அவருடைய சர்க்கரை அளவைப் பற்றிப் பேசுகிறோம். மீதி இருந்ததும் போய்விட்டதா என்று மட்டும் இதுவரை கேட்டதில்லை.

மறுநாள் காலை லோரி வந்தது. சாமான் ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டு யாழினி எங்கள் கேட்டருகில் நின்றாள். சட்டையின் பொத்தானைத் திருகிக்கொண்டே என்னிடம் கேட்டாள்.

"அப்பா, பெரிம்மா திரும்பி வருவாங்களா?"

அடுத்த வாரமே வந்துருவாங்கடா என்பது என் நாக்கின் நுனியில் தயாராக இருந்தது. பாப்பாவைப் பார்த்துவிட்டு ஓடி வந்துவிடுவார்கள் என்றும் சேர்த்திருப்பேன். அவள் கண்ணைப் பார்த்தேன். ஏற்கனவே நிறைந்துகொண்டிருந்தது.

"வரமாட்டாங்கடா. அங்கயேதான் இருப்பாங்க. நாம வேணும்னா போய்ப் பாக்கலாம். ரொம்பத் தூரம். எப்பன்னு எனக்குத் தெரியல."

அவள் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கேட்டைத் திறந்துகொண்டு, வழக்கம்போல, இரண்டு வீடு தள்ளி ஓடினாள். லோரிப் பக்கத்தில் நின்ற அக்காவிடம் நிமிர்ந்து ஏதோ கேட்டாள். அக்கா குனிந்து பதில் சொல்வதும், அவள் கன்னத்தை ஈரக் கையால் துடைப்பதும் தெரிந்தது.

யாழினி திரும்பி மெதுவாக நடந்து வந்தாள். அழுதுகொண்டுதான் வந்தாள். என் முன்னால் வந்து நின்று, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அழுகைக்கு நடுவிலும் ஆச்சரியம் தாங்காமல் சொன்னாள்.

"அப்பா, நீங்க சொன்னது சரிதான்."